இரிகி மொழியில் நான்கு மிரட்டல்கள்

மூன்றாவது மாடியிலிருந்து வந்த தண்ணீர் பச்சைமுத்துவின் இடது தோளை நனைத்துவிட்டுச் சந்தில் வழிந்தது.

"குறி தப்பிடுச்சும்மா!" அவர் மேலே பார்த்துக் கத்தினார். "மேடம் வலது பக்கம் நிக்கிறாங்க!"

ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

"தண்ணி கஷ்டம் இருக்கிற ஊர்ல, நமக்காக ஒரு பக்கெட்டைச் செலவு பண்ணியிருக்காங்க மேடம். இவ்வளவு மரியாதை எனக்கு என் கல்யாணத்துல கூட நடக்கல."

நோரா முன்னால் நடந்தாள். ஐம்பத்திரண்டு வயது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது காக்ஸ் டவுனில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். பச்சைமுத்து அவளுடைய ஒரே ஊழியர். பத்தொன்பது வருஷம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து வேலையை விட்டவர். வாய் மட்டும் இன்னும் சர்வீசில் இருந்தது.

மணி பத்தே முக்கால். மாலை நான்கு மணிக்கு முனிராஜ் என்பவன் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். ஆஜரானால் கைது. ஆகாவிட்டாலும் கைது. அவனுடைய வக்கீல் ஆஞ்சலா காலையில் போனில் சொன்னது இவ்வளவுதான்: "நாலு மணிக்குள்ள ஏதாவது கொண்டா நோரா. எங்கிட்ட இப்போதைக்குக் கறுப்பு கோட்டு மட்டும்தான் இருக்கு."

ஈஜிபுராவின் அந்தச் சந்தில் அறுபத்திரண்டு குடும்பங்கள். இரிகி என்ற மொழியைப் பேசுகிறவர்கள் உலகத்தில் அவ்வளவு பேர்தான். கல் உடைக்க வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்டவர்கள். கடைத்தெருவில் தமிழ், ஆபீசுகளில் கன்னடம், கதவைச் சாத்திக்கொண்டால் இரிகி.

கதவைத் திறந்தவள் முனிராஜின் மனைவி விஜி.

"யாரு? இன்னொரு ரெக்கார்டர் பார்ட்டியா?"

"வக்கீலம்மா அனுப்பினாங்க" என்றாள் நோரா.

"அனுப்பினா வந்துடுவீங்களா? ரெண்டு வருசம் முன்னாடி இப்படித்தான் ஒருத்தன் வந்தான். 'அக்கா, தண்ணிக்கு என்ன சொல்வீங்க, நெருப்புக்கு என்ன சொல்வீங்க'ன்னு கேட்டான். சொன்னோம். இப்ப எங்க வீட்டுலயே நெருப்பு வெச்சிட்டாங்க."

"தண்ணியையும் நீங்க விட்டு வைக்கலையேம்மா" என்று பச்சைமுத்து ஈரத் தோளைக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வழி விட்டாள்.

ஒற்றை அறை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் முனிராஜ். முப்பத்தெட்டு வயது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். கேஸ் முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகாத நாளிலும் தொழிற்சாலைச் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

நோரா, ஆஞ்சலா அனுப்பியிருந்த பதிவுகளைத் தன் போனில் ஓடவிட்டாள். மொழி ஆய்வு மையம் ஒன்றின் இயக்குநர் வித்யாலட்சுமிக்கு, போன வாரம் திங்கள் முதல் வியாழன் வரை, தினம் ஒன்றாக வந்த நான்கு குரல் செய்திகள். யாருக்கும் தெரியாத புது நம்பர். இப்போது அது அணைந்து கிடந்தது.

"நிஸு மோஸா துகிரே."

உன் வீட்டைக் கொளுத்துவேன்.

"நிஸு ஹேஸ் கடரே."

உன் கையை வெட்டுவேன்.

மூன்றாவது: உன் நாயைக் கிணற்றில் தள்ளுவேன். நான்காவது: நாளைக்கு உன் வாசலில் நிற்பேன். 'ஸ்' வரும் இடத்திலெல்லாம், குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் முனகுமே, அப்படி ஒரு மெல்லிய சீழ்க்கை.

"இது உங்க வீட்டுக்காரர் குரல்தானா?"

விஜி சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

"மேடம், அம்மாவுக்கு மூச்சு அடைக்குது!"

"அது 'ஆமா'ங்க" என்றான் முனிராஜ். "எங்க பாஷையில ஆமான்னா மூச்சை உள்ள இழுக்கணும்."

"இல்லைன்னா?"

"வெளிய போன்னு சொல்வோம்."

"குரல் உங்களுதுதான்னு நீங்களும் ஒத்துக்கறீங்க?" என்றாள் நோரா.

"குரல் என்னுது. நான் பேசல. இதையேதான் போலீஸ்லயும் சொன்னேன். சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சிட்டுப் போங்க."

"அந்தம்மா வீட்டுல நாய் இருக்கா?"

"அவங்க வீடே எனக்குத் தெரியாது. ரெண்டு வருசம் என்னைப் பேச வெச்சாங்களே, ஒரு நாள் நேர்ல வந்து உக்காந்திருக்காங்களா? எல்லாம் அந்த ஷ்ரேயாஸ்தான் வந்து எடுப்பாரு. நான் அந்தம்மாவைப் போட்டோலதான் பாத்திருக்கேன்."

"பின்ன உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன சண்டை?"

முனிராஜ் அலமாரியிலிருந்து ஒரு கடித நகலை எடுத்துப் போட்டான். கொடுக்கவில்லை, போட்டான். அறுபத்திரண்டு கையெழுத்துகள், அவற்றில் பாதி கைநாட்டு.

"பேச்சு மெஷின் செய்யற கம்பெனி ஒண்ணு. நாளைக்கு எங்க எல்லார் குரலையும் அந்தம்மா அவங்களுக்குத் தூக்கிக் குடுக்கப் போறாங்க. பாஷையைக் காப்பாத்தறோம்னுதான் எடுத்தாங்க. குடுத்துட்டா, அப்புறம் என் குரல்ல ஒரு மெஷின் எவனுக்கோ போன் பண்ணி லோன் வேணுமான்னு கேக்கும். அதான், எல்லாத்தையும் திருப்பிக் குடுங்கன்னு எழுதினோம். எழுதின ரெண்டாவது வாரம் நான் ரவுடி ஆயிட்டேன்."

"ரவுடி எழுதின கடுதாசியை யாரு மதிப்பாங்க?" என்றாள் விஜி. "நாலு மணிக்கு இவரைக் கூட்டிட்டுப் போய் அடிப்பாங்க. மெஷின்ல இடிச்சு உடைஞ்ச முன்பல்லு ரெண்டையும் இப்பதான் பெரியாஸ்பத்திரியில கட்டினோம். எட்டு வாட்டி லீவு போட்டு நடந்தோம். அதுதான் மொதல்ல போகும்."

"பல்லைப் பத்தி அப்புறம் அழலாம்" என்று அவளை அடக்கிவிட்டு, முனிராஜ் நோராவைப் பார்த்தான். "கேட்டாச்சு இல்ல? கெளம்புங்க."

*

"எனக்கு அந்த நாய்தான் மேடம் இடிக்குது" என்றார் பச்சைமுத்து ஆட்டோவில். "இந்த ஏரியாவுல கெணறு எங்க இருக்கு? இருக்கிறதெல்லாம் போர்வெல். அதுல நாய் நுழையணும்னா முதல்ல அதைத் தேய்ச்சு இளைக்க வைக்கணும்."

"வித்யாலட்சுமி வீட்டுல நாயும் இல்ல" என்றாள் நோரா. "ஆஞ்சலா விசாரிச்சிட்டா. பூனை கூட இல்ல."

"இல்லாத நாயை, இல்லாத கெணத்துல தள்ளுவேன்னு எவன் மிரட்டுவான்?"

"நல்ல கேள்வி. அதைக் கேக்கத்தான் போறோம்."

ஆய்வு மையம் கோரமங்களாவில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு பெரிய படம்: திறந்த வாயின் குறுக்குவெட்டு, நாக்கு, மேலண்ணம், அம்புக்குறிகள். மேலே கொட்டை எழுத்தில் 'இரிகியின் சீழ்க்கை மெய்: உலகில் வேறெங்கும் இல்லாத ஒலி.'

ஷ்ரேயாஸ் முப்பது வயது இளைஞன். மிரட்டலைப் போலீசுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன். நோராவின் கார்டைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டு மறுபடி துடைத்தான்.

"நான் சொல்ல வேண்டியதெல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேன் மேடம். உங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

"பாஷையைப் பத்திச் சொல்லுங்க. அது ரகசியம் இல்லையே?"

அது அவனுடைய பலவீனம். இரண்டே நிமிடத்தில் பயம் போய் வாத்தியார் வந்துவிட்டார். இரிகி மலைச்சரிவில் பிறந்த மொழி. கேட்பவர் மேட்டில் நின்றால் வினைச்சொல்லுக்கு ஒரு முடிவு, பள்ளத்தில் நின்றால் வேறு முடிவு. 'வா' என்று ஒரே மாதிரி எல்லோரையும் கூப்பிடவே முடியாது.

"லிஃப்ட்ல போறப்போ என்ன சார் பண்ணுவாங்க?" என்றார் பச்சைமுத்து.

"அது... நல்ல கேள்வி. அதை நான் ரெக்கார்ட் பண்ணதில்ல."

"சும்மா இருப்பாங்க சார். நாமளும் லிஃப்ட்ல பேசறதில்லையே."

மேஜையில் அச்சுக்குப் போகத் தயாராக இருந்த பக்கங்கள். இரிகி மொழி இலக்கணம், வித்யாலட்சுமி. ஷ்ரேயாஸின் பெயர் நன்றியுரையில், சின்ன எழுத்தில். பச்சைமுத்து ஒரு பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே நின்றார்.

"மேடம், இதைக் கேளுங்க. 'அண்ணன் தம்பியை அடித்தான். புலி மாமாவைத் தின்றது. மாமி புலியை வெட்டினாள்.' என்ன சார் இது, இலக்கணமா, இல்ல சாயங்காலப் பேப்பரா?"

ஷ்ரேயாஸ் முகம் சிவந்தது. "எல்லா இலக்கணத்துலயும் அப்படித்தான் சார். 'தூங்கினான்'னா யாரைத் தூங்கினான்னு கேக்க முடியாது. அடிச்சான், வெட்டினான்னா செய்யறவன் ஒருத்தன், வாங்கறவன் ஒருத்தன். வாக்கியம் முழுசாக் கிடைக்கும்."

"உங்களுக்கு வாக்கியம் கிடைக்கும். மாமாதானே கிடைக்க மாட்டாரு."

நோரா பக்கங்களைத் தன் பக்கம் இழுத்தாள். எதிர்கால வினை என்ற தலைப்பு. விரல் ஒவ்வோர் எண்ணாக இறங்கி 211-ல் நின்றது.

211. நான் உன் வீட்டைக் கொளுத்துவேன்.
212. நான் உன் கையை வெட்டுவேன்.
213. நான் உன் நாயைக் கிணற்றில் தள்ளுவேன்.
214. நான் நாளை உன் வாசலில் நிற்பேன்.

"திங்கள், செவ்வாய், புதன், வியாழன்" என்றாள். "வரிசை கூட மாறல. 215 என்ன? 'நான் உனக்கு வாழைப்பழம் தருவேன்.' அதனாலதான் வெள்ளிக்கிழமை மிரட்டல் வரல."

ஷ்ரேயாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இதையெல்லாம் முனிராஜ் சொல்லி, நீங்க ரெக்கார்ட் பண்ணியிருக்கீங்க. அந்த ரெக்கார்டை யார் யார் எடுக்க முடியும்?"

"ரெண்டு பேர்தான். நானும் எங்க டைரக்டர் மேடமும்."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"அவங்க அர்த்தம் என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். எங்கருந்து வந்ததுன்னு கேக்கல."

"கேக்காததுக்குப் பதில் சொன்னா வேலை போயிடுமோ?" என்றார் பச்சைமுத்து.

"போகும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

வித்யாலட்சுமி. அறுபதை நெருங்கும் வயது, கஞ்சி போட்ட காட்டன் புடவை. அவள் பார்வை நோராவின் முகத்தில் நிற்கவில்லை, அவள் கையிலிருந்த பக்கங்களில் நின்றது.

"அதைக் கீழே வையுங்கள். அச்சாகாத புத்தகத்தைத் தொட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"உங்களை மிரட்டின நாலு வாக்கியமும் உங்க புத்தகத்துலயே இருக்கு மேடம்."

"இருக்கட்டும். புத்தகத்தில் இருப்பதால் அவன் வீட்டில் அதைச் சொல்ல முடியாதா? அவன் வாயில் இருந்துதானே அந்த வாக்கியமே வந்தது? நாங்கள் கேட்ட கேள்விகள் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கின்றன. அதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறான். திமிர்."

நோரா பக்கங்களைக் கீழே வைத்தாள். உண்மைதான். தெரிந்த வாக்கியத்தை யாரும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். இன்ஸ்பெக்டரும் இதையேதான் சொல்வார்.

"அந்தச் சீழ்க்கையைக் கேட்டீர்கள் இல்லையா?" வித்யாலட்சுமியின் குரலில் முதல் முறையாக ஒரு பெருமிதம் ஏறியது. "வேறு எவனும் போலி செய்ய முடியாது. அவர்கள் ஜனங்களிலேயே மற்றவர்கள் எல்லாரும் அந்த ஒலியை இழந்துவிட்டார்கள். முனிராஜ் வாயில் மட்டும்தான் சுத்தமாக மிஞ்சியிருக்கிறது. இதைப் பற்றி நான் ஆறு நாடுகளில் பேசியிருக்கிறேன். இப்போது வெளியே போகிறீர்களா, வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா?"

படி இறங்கும்போது பச்சைமுத்து முனகினார். "காலையில தண்ணி, இப்ப வாட்ச்மேன். சாயங்காலத்துக்குள்ள யாராவது கல்லு விட்டா இன்னிக்கு ஃபுல் ரவுண்டு."

நோரா பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"'முனிராஜ் வாயில் மட்டும்'" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து விஜியை அழைத்தாள். அந்தப் பக்கம் இரண்டு திட்டு கேட்டது. நோரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஒரு தேதியைக் குறித்துக்கொண்டாள், ஒரு காகிதத்தை எடுத்து வரச் சொன்னாள்.

அடுத்த அழைப்பு இன்ஸ்பெக்டர் கெம்பையாவுக்கு.

"சார், நாலு மணி வரைக்கும் காத்திருக்க வேணாம். மூணரைக்கு ஆய்வு மையத்துக்கு வாங்க. புகார் குடுத்தவங்க முன்னாடியே முனிராஜை ஒப்படைக்கிறோம்."

பச்சைமுத்து வாயைப் பிளந்தார். "ஒப்படைக்கிறோமா? மேடம், நாம யார் பக்கம்?"

*

மூன்று முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் கெம்பையா இயக்குநரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வித்யாலட்சுமி ஜன்னலோரம் நின்றாள், ஷ்ரேயாஸ் அலமாரியோரம், இரண்டு கான்ஸ்டபிள்கள் வாசலில். முனிராஜும் விஜியும் உள்ளே வந்தபோது யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஆயித்து, ஆச்சு" என்றார் கெம்பையா, கன்னடம் கலந்த தமிழில். "வந்துட்டான். ஜீப்புல ஏத்துங்க."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் நோரா. "அந்த நாலு மிரட்டலையும் இவர் உங்க முன்னாடி ஒரு தடவை சொல்லட்டும்."

"ஏனு? போலீஸ் எதிர்லயே மிரட்டல் விடணுமா?"

"வசதிதானே சார்" என்றார் பச்சைமுத்து. "சாட்சியைத் தனியாத் தேட வேணாம்."

"நீ சும்னே இரு." ஆனால் அவர் போனை எடுத்து மேஜையில் வைத்தார். "சொல்லு. ஏமாத்தினா இன்னொரு செக்ஷன் சேரும்."

முனிராஜ் அசையவில்லை. "இதையும் ரெக்கார்ட் பண்றீங்களா?"

"இல்ல" என்றாள் நோரா. "யாரும் பண்ணல. காதால கேக்கப் போறோம், அவ்வளவுதான்."

அவன் வித்யாலட்சுமிக்கு நேராகத் திரும்பி நின்றான். இரண்டு வருஷம் தன்னைப் பேச வைத்த பெண்ணின் முகத்தை முதல் முறையாகப் பார்த்தான்.

"நிஸு மோஸா துகிரே."

நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. உன் வீட்டைக் கொளுத்துவேன். கான்ஸ்டபிள் ஒருவர் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்தார்.

கெம்பையா போனைத் தட்டினார். அதே வாக்கியம், அதே குரல். ஆனால் போனில் இரண்டு இடத்தில் காற்று சீறியது. எதிரில் நின்றவனின் வாயில் சீறவில்லை.

"இன்னொரு வாட்டி."

முனிராஜ் கைவெட்டைச் சொன்னான். நாயைச் சொன்னான். வாசலையும் சொன்னான். எங்கேயும் சீழ்க்கை இல்லை.

"தப்பு!" வித்யாலட்சுமி ஜன்னலை விட்டு வந்தாள். "வேண்டுமென்றே மாற்றி உச்சரிக்கிறான்! இரிகியில் அந்த இடத்தில் சீழ்க்கை வர வேண்டும். இது இரிகியே இல்லை!"

விஜி சிரித்துவிட்டாள். நோரா காலையிலிருந்து அந்தச் சந்தில் கேட்காத சிரிப்பு. அதில் கொஞ்சம்கூட நட்பு இல்லை.

"உங்களுக்கு உங்க பாஷையே பேச வரலையாம்" என்றாள் முனிராஜிடம்.

"முனிராஜ், கொஞ்சம் வாயைத் திறங்க" என்றாள் நோரா.

மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் மற்றவற்றைவிட ஒரு பங்கு வெளுப்பாக இருந்தன. விஜி பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மெஷின்ல இடிச்சு ரெண்டு பல்லும் போய் நாலு வருஷம் ஆச்சு சார். இந்த ஜூன் பதினொண்ணாம் தேதிதான் கட்டினாங்க. சிமென்ட் வெச்சு ஒட்டினது, கழட்டி மாட்டறது இல்ல. ஓட்டை வழியா காத்து போனதுதான் அந்த உலக அதிசய ஒலி. மிரட்டல் வந்தது போன வாரம். போன வாரம் பேசியிருந்தா சீழ்க்கை வந்திருக்காது. அது ஜூனுக்கு முன்னாடி, இலக்கணப் புத்தகத்துக்காக இந்த மையம் எடுத்த பதிவு; அதைத் திறக்க ரெண்டு பேராலதான் முடியும்."

கெம்பையா சீட்டைப் படித்தார். போனை மறுபடி கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மூடின கேஸ் திறந்துகொண்டால் எந்த இன்ஸ்பெக்டருக்கும் சந்தோஷம் வராது.

வித்யாலட்சுமி சுவரில் இருந்த அந்தப் பெரிய வாயைப் பார்த்தாள். அம்புக்குறிகளைப் பார்த்தாள். "மற்றவர்கள்..." என்றாள். "மற்றவர்கள் அதை இழந்துவிட்டார்கள் என்று..."

"மத்தவங்களுக்கெல்லாம் பல்லு இருக்குதுங்க" என்றார் பச்சைமுத்து.

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நீ" கெம்பையா சட்டென்று ஷ்ரேயாஸ் பக்கம் திரும்பினார். "பதிவு பண்ணது நீ. மொழிபெயர்த்தது நீ. பல்லு கதையும் உனக்குத் தெரியும், அப்படித்தானே?"

ஷ்ரேயாஸ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "தெரியும் சார். ஜூலையில போனப்போ கேட்டேன். சீழ்க்கை இல்ல. 'ஸ்' வர்ற வாக்கியம் எல்லாத்தையும் திரும்ப எடுத்தேன். என் லேப்டாப்லதான் இருக்கு. மேடம்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"மூணு மாசமா யோசிச்சியா? ஏத்துங்கப்பா இவனை."

"அவசரப்படாதீங்க சார்" என்றாள் நோரா. "அவர் சொன்னதைத் திரும்ப யோசிங்க. அவர்கிட்ட புதுப் பதிவு இருக்கு. கட்டின பல்லோட, இன்னிக்கு முனிராஜ் பேசற அதே மாதிரி. முனிராஜை மாட்டிவிட நினைச்சிருந்தா அதைத்தானே அனுப்புவார்? அதை அனுப்பியிருந்தா நானும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. பழசை அனுப்பினவருக்குப் பல் கட்டின விஷயமே தெரியாது. முனிராஜை நேர்ல பாத்ததே இல்லாதவர். சீழ்க்கை இருந்தாத்தான் அது அசல் இரிகின்னு இந்த நிமிஷம் வரைக்கும் நம்பினவர்."

யாரும் யாரையும் சுட்டிக்காட்டவில்லை. தேவைப்படவில்லை. 'தப்பு' என்று கத்தியவளின் குரல் இன்னும் அந்த அறையிலேயே நின்றிருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர்ல யார் எந்தப் பதிவை எடுத்தாங்கன்னு குறிப்பு இருக்குமா?" என்றார் கெம்பையா.

"ஷ்ரேயாஸ், திறக்காதே" என்றாள் வித்யாலட்சுமி.

ஷ்ரேயாஸ் அவளைப் பார்த்தான். நன்றியுரையில் சின்ன எழுத்தில் இருந்தவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். அரை நிமிடம். திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினான். 211 முதல் 214 வரை, நான்கு பதிவுகள். முதல் மிரட்டலுக்கு முந்தின ஞாயிறு, காலை பதினொன்று இருபது. எடுத்தவர் பெயர்: வித்யாலட்சுமி.

வித்யாலட்சுமி மறுக்கவில்லை. அவள் முனிராஜைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்த மொழியை உலகத்துக்குக் காட்டியது நான். நீ இல்லை. அதை எங்கே கொடுப்பது என்று தெரியாத கூட்டம், கைநாட்டு வைத்து எனக்குக் கடிதம் எழுதுகிறது. நான் இல்லை என்றால் அது அந்தச் சந்துக்குள்ளேயே செத்துப்போகும்."

"சாகலைங்க" என்றான் முனிராஜ். "நேத்து கூட என் பொண்டாட்டி அதுலதான் என்னைத் திட்டினா."

கான்ஸ்டபிள் வித்யாலட்சுமியின் பக்கத்தில் போய் நின்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படி இறங்கினாள்.

"நீ போகலாம்" என்றார் கெம்பையா முனிராஜிடம். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. இன்னொரு கான்ஸ்டபிள் பதிவுகள் இருந்த கறுப்புப் பெட்டியைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் பறிமுதல் மகஜர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். பொருள்: பதிவுப் பெட்டி, ஒன்று. உரிமையாளர்...

முனிராஜின் கை தாளின் மேல் வந்து விழுந்தது.

"கையை எடு."

"அங்க என்ன சார் எழுதப் போறீங்க?"

"மையத்தோட பேரு. வேற யாரு?"

முனிராஜ் நோராவைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் முறையாக அவன் குரலில் முறைப்பு இல்லை: "அப்படி எழுதினா என்ன ஆகும்?"

"கேஸ் முடிஞ்சதும் கோர்ட் பெட்டியை மையத்துக்கே திருப்பிக் குடுக்கும்" என்றாள் நோரா. "இவங்க இல்லேன்னா அடுத்த இயக்குநர். அவர் கம்பெனிக்குக் குடுப்பார்."

கை நகரவில்லை.

"ஏய், இன்னொரு கேஸ் வேணுமா உனக்கு?" கெம்பையா எழுந்தார். "பெட்டி அவங்களுது. காசு குடுத்து வாங்கினது."

"பெட்டி அவங்களுதுதான் சார். உள்ள இருக்கிறது எங்களுது. அறுபத்திரண்டு வீட்டுப் பேரையும் எழுதுங்க."

"இந்தக் கோட்டுல ஒரு பேர் எழுதத்தான் இடம் இருக்கு."

"பின்பக்கம் காலியா இருக்கு சார்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஜீப்பின் ஹாரன் இரண்டு முறை கேட்டது. பச்சைமுத்து வாயைத் திறந்தார். நோரா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கெம்பையா உட்கார்ந்தார். 'உரிமையாளர்' என்பதற்கு எதிரே 'பின்பக்கம் பார்க்க' என்று எழுதிவிட்டு, தாளைத் திருப்பினார்.

"ஹெசரு ஹேளு, பேரைச் சொல்லு. ஒவ்வொண்ணா. யாரு என்ன குடுத்தாங்கன்னும் சொல்லு, அப்புறம் தகராறு வேணாம்."

முனிராஜ் கையை எடுத்தான்.

"சின்னத்தாயி. பதினோரு பாட்டு, ஒரு சண்டை."

"சண்டையெல்லாம் எழுத மாட்டேன்."

"எழுதுங்க" என்றாள் விஜி. "அவ புருசனோட போட்ட சண்டை. முக்கால் மணி நேரம். பெட்டியிலயே அதுதான் நல்லா இருக்கும்."

கெம்பையா அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்: ஒரு சண்டை, முக்கால் மணி நேரம்.

"அடுத்தது" என்றார், தலை நிமிராமல்.